பதினாறு நாள் தீட்டு

கொஞ்சம் நகந்துக்க தாயி. ஆங், போதும். ஜன்னலோரம் நீயே இரு, காத்து மூஞ்சியில அடிச்சா எனக்குக் காது வலிக்கும். நீ எது வரைக்கும்? திண்டுக்கல்லா? நானும் அங்கதான். வத்தலக்குண்டுல கூட்டம் ஏறும், அதுக்குள்ள நாலு வார்த்தை பேசிக்கிருவோம். நான் வளவளன்னு பேசுற ஆளு கிடையாது. பெரியகுளத்துல எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு, சௌந்தரம் உண்டு அவ வேலை உண்டுன்னுதான் சொல்லுவாக.

ஒரு கல்யாணம் அந்தரத்துல நிக்குது தாயி. என் மகளோடது. நடக்குமா நடக்காதான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும். மாப்பிள்ளையோட அம்மா திண்டுக்கல்லுல இருக்கா, பேச்சியம்மான்னு பேரு. அவ கால்ல விழுந்தாவது சரி பண்ணிட்டு வந்துரணும்னு யாருகிட்டயும் சொல்லாமக் கிளம்பிட்டேன். மககிட்டச் சொன்னா வாசலை மறிச்சுக்கிட்டு நிப்பா. வீட்டுக்காரவுககிட்டச் சொல்லலாம்னா, அவுக நான் கோலம் போட்டு நிமிர்றதுக்குள்ள எங்கயோ கிளம்பிப் போயிட்டாக. இன்னும் ஒம்பது நாள்ல ஆடி பொறக்குது. ஆடியில எவ கல்யாணப் பேச்சு எடுப்பா? இந்த ஆனிக்குள்ள முடிஞ்சாத்தான் முடிஞ்சது.

எல்லாம் எதனாலங்கிற? கல்லால. சிரிக்காத தாயி, நெசமாத்தான் சொல்றேன். மூணே மூணு கல்லு.

எங்க வீட்டுக்காரவுக வைகை அணையில மதகு திறக்குற வேலையில இருந்தாக. பேரைச் சொல்ல மாட்டேன், முருகன் பேருன்னு வச்சுக்க. ஊருல அணைக்காரருன்னு சொன்னாத்தான் தெரியும். தங்கமான மனுசன், குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு குறை, பேச மாட்டாக. கல்யாணமாகி முப்பத்தி ரெண்டு வருசம் ஆச்சு, 'ம்'முன்னு சொல்லுவாக, 'சரி'ன்னு சொல்லுவாக, ரொம்பக் கோவம் வந்தா 'சரி சரி'ம்பாக. வீட்டுல பேசுற பாரம் பூராவும் என் தலையிலதான். நான் என்ன ஆசைப்பட்டா பேசுறேன்? ஒரு ஆளாவது பேசணுமா இல்லையா?

சித்திரைக் கடைசியில ரிட்டையர் ஆனாக. மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில குடுத்து அனுப்பிச்சாங்க. முத பத்து நாள் அந்தக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. பதினோராவது நாள் நான் சேனைக்கிழங்கு நறுக்கிக்கிட்டிருந்தேன். அருவாமனை வழுக்குது, கிழங்கு உருளுது. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! 'இதுல நறுக்குறதுக்குப் பல்லால கடிச்சுத் துப்பிரலாம். ஒரு ஆம்பளை வீட்டுல இருந்து என்ன பிரயோசனம், இருக்கறதெல்லாம் மொட்டை'ன்னேன். சும்மா சொன்னதுதான். முப்பத்தி ரெண்டு வருசமா இப்படி எத்தனையோ சொல்லியிருக்கேன், ஒண்ணுக்காவது அசைஞ்சிருக்காகளா? அன்னைக்குன்னு பாத்து அசைஞ்சாக.

மறுநாள் கும்பக்கரைப் பக்கம் ஓடைக்குள்ள இறங்கி, சாக்குல கல்லு கல்லாத் தூக்கிட்டு வந்தாக. கொல்லையில கொட்டி, ஒவ்வொண்ணா நகத்தால சுரண்டிப் பாத்து, காதுகிட்ட வச்சுத் தட்டிப் பாத்து, மூணைப் பொறுக்கி எடுத்தாக. முத கல்லு முரட்டுக்கல்லு, செவப்பா இருக்கும், உள்ளங்கையை வச்சா தோலு உரியும். ரெண்டாவது நடுக்கல்லு, சாம்பல் நிறம். மூணாவது கருப்பு. தேஞ்ச சோப்பு மாதிரி வழுவழுன்னு இருக்கும், இதுல போயி என்னத்தத் தீட்டுறதுன்னு நினைப்ப. ஆனா அதுலதான் பளபளப்பே வரும். அருவாமனை வளைவா இருக்குறதுனால அதைக் கல்லுல தேய்க்க முடியாது தாயி, கட்டையைக் காலுல அமுக்கிக்கிட்டு, கல்லைக் கையில எடுத்து, அடியில இருந்து மூக்கு வரைக்கும் ஒரே சாய்வுல கொண்டு போகணும். சாய்வு ஒரு நூல் மாறினாலும் கூர் போச்சு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? பதினாறு நாள் எதிரே உக்காந்து திட்டிக்கிட்டிருந்தேன்ல, கண்ணுல படத்தான செய்யும்.

கல்லை ஊற வைக்கணுமாம். எனக்கு அரிசி ஊற வைக்கத் தெரியும், உளுந்து ஊற வைக்கத் தெரியும். கல்லை எவளாவது ஊற வைப்பாளா? அதுக்கு என் இட்டிலி மாவு வாளியை எடுத்துக்கிட்டாக. சாணை பிடிக்கிற ஆளு தெருவுல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வாரான், அஞ்சு நிமிச வேலை, அவன்கிட்டக் குடுங்கன்னேன். 'அவன் நெருப்புப் பறக்கத் தேய்ப்பான், சூடு ஏறுனா இரும்போட பதம் போயிரும், அப்புறம் அது வெறும் தகரம்'னாக. அவுக வாயில இருந்து ஒரே மூச்சுல அத்தனை வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல.

காலையில காப்பியைக் குடிச்சிட்டு உக்காந்தா, சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டாக. கல்லுல தண்ணியை ஊத்துறது, தீட்டுறது, விரலால வழிச்சுப் பாக்குறது, மறுபடி தண்ணி. முரட்டுக்கல்லு கரகரங்கும், நடுக்கல்லு சரசரங்கும், கருப்புக்கல்லு உஸ்ஸுன்னு ஒரு சத்தம், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. நான் பக்கத்துல உக்காந்து கரண்டு பில்லு, எங்க அண்ணன் வீட்டு சண்டை, எதிர் வீட்டுக்காரி துணி காயப்போடுற லட்சணம், எல்லாம் சொல்லுவேன். 'என்ன, கேக்குதா?'ன்னா, 'கல்லு சத்தத்துல கேக்கல'ம்பாக. சரின்னு சத்தமாச் சொன்னேன். அவுக இன்னும் அழுத்தித் தேச்சாக. அணையில தண்ணி இரைச்சலோடயே கிடந்து காது மந்தமாயிருச்சு போல, பாவம்னு நான் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தி விட்டேன். என்னைத் தவிர எவ செய்வா?

அருவாமனை முடிஞ்சுதா? அதோட விட்டாகளா? தேங்கா சில்லு எடுக்குற கத்தி, வெங்காயக் கத்தி, தோட்டத்து அருவா, பாக்கு வெட்டின்னு வீட்டுல இருந்த ஏழையும் இழுத்துப் போட்டுக்கிட்டாக. கூர் பாக்குறதுக்குன்னு இடது கை முடியைச் சிரைச்சுப் பாப்பாக. முகத்துல பதினாறு நாளு தாடி, காடு மாதிரி. இடது கையப் பாத்தா பிறந்த குழந்தை கை. மனுசன் எதைச் சிரைக்கணும் எதைச் சிரைக்கக் கூடாதுன்னு தெரிய வேணாமா?

ஆனா ஒண்ணு சொல்லணும். தக்காளியை வச்சு இழுத்தா, தான் ரெண்டாப் போனது தக்காளிக்கே தெரியாது. அந்த அருவாமனையில முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கிட்டிருந்தேன்னா பாத்துக்க. அதை அவுககிட்ட நான் சொல்லல. சொன்னா இன்னும் ஏறிக்கிருவாக.

இப்ப என் மக கதைக்கு வாரேன். மங்கையர்க்கரசின்னு பேரு, அரசின்னு கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிக்குற வேலை. இருபத்தொம்பது முடியப் போகுது. ரெண்டு இடம் வந்து தட்டிப் போச்சு. அதுல என் தப்பு ஒண்ணும் இல்ல. முதல்ல வந்தவனுக்கு உச்சியில முடி இல்ல, நான் மரியாதையாத்தான் கேட்டேன், 'தம்பிக்கு நாப்பது இருக்குமா, அஞ்சு மேல கீழ சொல்லுங்க'ன்னு. ரெண்டாவது இடத்துல அவங்க அம்மா, 'எங்க பையன் சூதுவாது தெரியாதவன்'ன்னா. 'பாத்தாலே தெரியுது'ன்னேன். பாராட்டித்தான் சொன்னேன். என்னமோ எந்திரிச்சுப் போயிட்டாங்க.

மூணாவதா வந்ததுதான் இந்தத் திண்டுக்கல் இடம். அப்பா அங்குச்சாமி, அம்மா பேச்சியம்மா, ஒரே பையன், பேரு வேல்பாண்டி. பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கு, என் மக அடுப்படியில தனியா நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தா தாயி. வேலைக்குப் போயி, வந்து, சாப்பிட்டு, படுத்துன்னு அவ முகம் மரத்துப் போயி எத்தனையோ நாளாச்சு. அவ சிரிச்சதைப் பாத்து நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். எப்பாடு பட்டாவது இதை முடிச்சுரணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

வைகாசிக் கடைசியில ஒருநாள் பேச்சியம்மா போன் பண்றா. 'மதினி, வார வெள்ளிக்கிழமை பூ வைக்க வரலாமான்னு அண்ணன்கிட்டக் கேக்கணும், போனைக் குடுங்க'ன்னா. நல்ல சேதி. ஆனா அந்த நேரம் பாத்து நான் இட்டிலி வாளிக்குள்ள கையை விட்டு, கல்லு கையில தட்டுப்பட்டுக் கொதிச்சுப் போயி நிக்கிறேன். என்ன சொன்னேன்னு அப்படியே சொல்றேன், நீயே நியாயம் சொல்லு.

'அவுககிட்ட எங்க மதினி பேச முடியுது? பதினாறு நாளா தீட்டு. எந்திரிச்ச உடனே மூணு கல்லை வச்சு, தண்ணியை ஊத்திக்கிட்டு உக்காந்துர்றாக. மூஞ்சியில கத்தி படல, தாடி வளந்து கிடக்கு. சோறு தண்ணி இறங்க மாட்டேங்குது. வீட்டுல பூராம் மொட்டை. நான் என்னன்னு சொல்ல என் கதையை!'

இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? தீட்டுனாக, தீட்டுன்னேன். கல்லு மூணு, மூணுன்னேன். கத்தி மொட்டை, மொட்டைன்னேன். ஆனா அந்தப் பேச்சியம்மா என்ன நினைச்சுக்கிட்டா தெரியுமா? எங்க வீட்டுல சாவு விழுந்து, பதினாறு நாள் தீட்டுக் காத்து, கருமாதிக்குக் கல்லு ஊனித் தண்ணி ஊத்துறோம்னு நினைச்சுக்கிட்டா! வீடு பூராம் மொட்டை போட்டுருக்கோம்னு! இப்படியுமா ஒருத்தி அவசரப்படுவா?

'ஐயையோ, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலையே'ன்னா. 'இதையெல்லாமா மதினி ஊருக்குச் சொல்லி விட முடியும், வீட்டோட போகட்டும்னு விட்டுட்டேன்'னேன். 'நாளைக்கே வந்து பாக்குறோம்'னா. 'அப்ப பூ வைக்கிறது?'ன்னேன். 'அதைப் பத்தி இப்ப என்ன மதினி'ன்னு வச்சுட்டா. சம்மந்தம் கைவிட்டுப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அவ துக்கம் கேக்க வாரான்னு எனக்கு என்ன சோசியமா தெரியும்?

மறுநாள் மக வேலைக்குப் போயிட்டா. நான் கேசரி கிண்டி, வடை சுட்டு, பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சு உக்காந்திருக்கேன். புருசனும் பொண்டாட்டியும் வாராக. அவ பழைய நூல் சேலை, தலையில பூ இல்ல, கையில பழம் இல்ல. உள்ள வந்தவ என்னைய மேலும் கீழும் ஒரு பார்வை பாத்தா. அப்புறம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. நான் கேசரித் தட்டை நீட்டுறேன். அங்குச்சாமி அண்ணன் அந்தத் தட்டைப் பாத்தாரு பாரு, பாம்பைப் பாத்த மாதிரி. தண்ணி கூட வேணாம்னுட்டாக. சரி, பொண்ணு வேணாம்னு சொல்லத்தான் வாயெடுக்க முடியாமத் தவிக்கிறாகன்னு எனக்கு.

'எத்தனை மதினி?'ன்னா மெதுவா. வந்த உடனே கத்திக் கணக்கைக் கேக்குறாளேன்னு நினைச்சேன், இருந்தாலும் மறைக்க முடியுமா? 'ஏழு'ன்னேன்.

'ஏழா!'

'பெருசு ஒண்ணு. அது எங்க மாமியாவோடது. மத்த ஆறும் சின்னது.'

'ஆறும் சின்னதா!' அவ நெஞ்சுல ஒரு போடு போட்டா. 'ஏன் மதினி, எல்லாம் ஒண்ணா எப்படிப் போச்சு?'

'ஒண்ணா எங்க போச்சு? ஒண்ணு ஒண்ணாத்தான். பாத்துப் பாத்து வச்சிருந்தது மதினி. நான் கவனிக்காம விட்டுட்டேன். அவுக இப்ப ஒவ்வொண்ணா மடியில போட்டுத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காக. ஒரு பேச்சு இல்ல. நான் ஒருத்தி வீட்டுல இருக்கறதே அவுகளுக்குத் தெரியல'ன்னேன்.

அவ்வளவுதான். பேச்சியம்மா என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. 'ஏழையும் வாரிக் குடுத்துட்டு எப்படித்தான் நிக்கிறியோ என் மதினி'ன்னு ராகம் போட்டு ஒப்பாரி வச்சா பாரு! ஆத்தாடி, என்ன குரலு! நானும் அழுதுட்டேன். பின்ன என்ன தாயி, கட்டிப் பிடிச்சு ஒருத்தி அழுதா கண்ணு சும்மா இருக்குமா? அதுவும் போக, எனக்கு ஒரே சந்தோசம். அடியாத்தி, என் பொறந்த வீட்டுல கூட என் கஷ்டம் யாருக்கும் புரியல, ரெண்டே வார்த்தையில புரிஞ்சுக்கிட்டாளே, இவ அல்லவா சம்மந்தின்னு, இன்னும் ஓங்கி அழுதேன். கத்தி தீட்டுறதுக்கு இவ இவ்வளவு அழுவாளான்னு யோசிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

தெரு கூடிருச்சு. 'யாரு போனது, யாரு போனது'ன்னு வாசல்ல கூட்டம். எதிர் வீட்டுக்காரி மாலை வாங்கவே ஆளை அனுப்பிச்சுட்டா. அந்த நேரத்துல கொல்லைக் கதவைத் திறந்துக்கிட்டு எங்க வீட்டுக்காரவுக உள்ள வாராக. மேலுக்குச் சட்டை இல்ல. கல்லுச் சேறு நெஞ்சு பூராம் காஞ்சு திருநீறு மாதிரி. தாடி. கையில தோட்டத்து அருவா, பளபளன்னு. பாவம், கல்லு சத்தத்துல அவுகளுக்கு ஒப்பாரியே கேக்கல.

அங்குச்சாமி அண்ணன் எந்திரிச்சு நின்னாரு. துக்க வீட்டுல கை குடுக்கணும்ல, கையை நீட்டுனாரு. அருவாவைப் பாத்துட்டு மடக்கிக்கிட்டாரு. 'மச்சான், மனசைத் தேத்திக்கங்க. ஏழும்...'ன்னு இழுத்தாரு.

இவுக தலையை ஆட்டுனாக. 'ஆறு முடிஞ்சிருச்சு. ஏழாவதை இன்னைக்கு முடிச்சிருவேன்'னாக.

முப்பத்தி ரெண்டு வருசத்துல தானா வாயைத் திறந்து சொன்ன ரெண்டாவது வாக்கியம் தாயி இது! அங்குச்சாமி அண்ணன் பெஞ்சுல பொத்துன்னு உக்காந்துட்டாரு. வாசல்ல நின்ன கூட்டத்துல பாதிப் பேரைக் காணோம். பேச்சியம்மா ஒப்பாரியை நடுவுல நிறுத்திட்டு என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.

அப்புறம் எல்லாம் வெளிய வந்துருச்சு. கொல்லைக்குக் கூட்டிட்டுப் போயி மூணு கல்லையும், வரிசையா வச்சிருந்த ஆறு கத்தியையும் காட்டுனோம். அங்குச்சாமி அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு, இருமல் வந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். வெங்காயக் கத்தியைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பேச்சியம்மா சிரிக்கல. அவ முகம் சுண்டைக்காயாச் சுருங்கிப் போச்சு. 'கல்யாணம் பேசுற வீட்டுல வாய் நிறைய ஒப்பாரி வச்சுட்டேனே. இனி இந்த வாசல்ல பூவும் பழமுமா எப்படி நுழைவேன்? தெருவே கேட்டுருச்சே'ன்னா. அவமானம் வேற, அபசகுனம் வேற. 'சொல்லி விடுறோம்'னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாக. சொல்லி விடுறோம்னா என்ன அர்த்தம்னு பொண்ணைப் பெத்தவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் மக வந்தா. தெரு முக்குலயே எவளோ சொல்லிட்டா போல. அழுகல, கத்தல. என் முன்னாடி வந்து நின்னு, 'அம்மா, ஒரே ஒரு நாள் நீ பேசாம இருந்திருக்கக் கூடாதா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான், ரூமுக்குள்ள போயிட்டா. பாத்தியா அநியாயத்தை? கல்லைத் தூக்கிட்டு வந்தது அவ அப்பா, தாடி வளத்தது அவ அப்பா, அருவாவோட வந்து நின்னது அவ அப்பா. பேச்சு எனக்கு! அன்னைல இருந்து மூணு வாரமா என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. வேலைக்குப் போறா, வாரா. சிரிப்பு போயிருச்சு. அவ தட்டைக் கழுவி வைக்கிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேக்குது.

அவுகளும் கல்லைச் சாக்குல கட்டி மூலையில வச்சுட்டாக. சவரம் பண்ணிக்கிட்டாக. மறுபடி அந்தக் கடிகாரத்தைப் பாத்து உக்காந்துட்டாக. நான்தான் கேட்டேன், 'போயி ஒரு வார்த்தை பேசிட்டு வரக் கூடாதா, மக வாழ்க்கை, நீங்க பண்ணுன கோலம்தான'ன்னு. தினமும் கேட்டேன். 'சரி'ன்னாக. நேத்தும் 'சரி'ன்னாக. 'சரி'யை வச்சு நான் ஊறுகாயா போட முடியும்? அதுதான் நானே கிளம்பிட்டேன். என்ன பேசணும்னு மனசுக்குள்ள எல்லாம் ஓட்டிப் பாத்துட்டேன். முதல்ல, இவ்வளவு அவசரப்பட்டு ஒப்பாரி வச்சது உங்க தப்புதான் மதினின்னு பக்குவமாச் சொல்லிட்டு, அதுக்கப்புறம்... என்ன தாயி? அப்படிச் சொல்ல வேணாங்கிறியா? ஏன்? உள்ளதைத்தான சொல்றேன்?

இரு இரு. போன் அடிக்குது. அவுகதான்.

ஹலோ, ஆங், நான்தான். பஸ்ஸுல இருக்கேன். எங்கயா? சும்மா, எங்க அண்ணன் வீட்டுக்கு. நீங்க எங்க இருக்கீக? எங்க? திண்டுக்கல்லுலயா!

தாயி, அங்க இருக்காகளாம். பேச்சியம்மா வீட்டுல. முத பஸ்ஸுக்கே போயிட்டாகளாம், சாக்கோட!

என்ன சொன்னீக பேச்சியம்மாகிட்ட? ஒண்ணும் சொல்லலையா? பின்ன இவ்வளவு நேரம் என்ன பண்ணுனீக? அருவாமனையைக் குடுங்கன்னு கேட்டு வாங்கி, வாசல் முத்தத்துல உக்காந்து தீட்டுனீகளா? சரி, அப்புறம்? அந்தம்மா பேசுச்சா? எவ்வளவு நேரம்? ரெண்டு மணி நேரமா! நீங்க? கேட்டுக்கிட்டு இருந்தீகளா?

கேட்டியா தாயி இந்தக் கொடுமையை! அவ எதிரே வந்து உக்காந்தாளாம். முதல்ல திட்டுனாளாம், அப்புறம் அழுதாளாம், அப்புறம் அவ மாமியா கதை, நாத்தனா கதை, அவ முட்டி வலி கதை, எல்லாம் சொன்னாளாம். இவுக ஒண்ணு விடாமக் கேட்டாகளாம். எனக்கு வயிறு பத்தி எரியுது. அவ சொன்னா மட்டும் கல்லு சத்தத்துல காது கேக்குதாமா?

ஆங், இருக்கேன், சொல்லுங்க. என்னது? நெசமாவா? வெள்ளிக்கிழமையா? பூ வைக்கிறதா? சத்தியமாச் சொல்லுங்க! ஐயோ முருகா, என் தாயே மாரி...

வாராகளாம் தாயி. வெள்ளிக்கிழமை வாராகளாம். என் கையைப் பிடிச்சுக்க.

என்ன? நான் எங்க வாரேன்னு கண்டுபிடிச்சுட்டீகளா? வத்தலக்குண்டுல இறங்கித் திரும்பிரணுமா? ஏன், நான் வந்தா என்ன? என்ன மென்னு முழுங்குறீக? யாரு, பேச்சியம்மாவா? குடுங்க, குடுங்க.

மதினி! நல்லா இருக்கீகளா மதினி? ஆமா. ஆமா. ஆங்... அப்படியா சொன்னாக? அவுகளா? திரும்பச் சொல்லுங்க மதினி, பஸ்ஸு இரைச்சல்.

தாயி, கிளம்ப எந்திரிச்சப்ப ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுனாகளாம். 'என் வீட்டம்மா மேல கோவப்படாதீங்க தங்கச்சி. அது வாய் தவறுனது கிடையாது, நான் புத்தி தவறுனது. குத்தம் பூராம் என்னோடது. என் மகளை அதுக்காக விட்டுராதீங்க'ன்னு. கும்பிட்டாகளாம். எங்க வீட்டுக்காரவுக. அணையில கலெக்டரு வந்தாக் கூடக் கும்பிட மாட்டாக. பெரியகுளத்துல ஏறுனதுல இருந்து அந்த மனுசனை உன்கிட்ட என்னென்ன சொல்லிக்கிட்டு வந்தேன் நான்...

இல்ல, லைனுலதான் இருக்கேன் மதினி. ஒண்ணும் இல்ல, தூசி. மதினி, ஒண்ணு சொல்லணும். அவுக சொன்னதை நம்பாதீங்க. அவுக மேல குத்தம் இல்ல. கத்தி தீட்டுறாகன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். நான்தான்... இந்த வாய்தான் மதினி. ரெண்டு இடம் தட்டிப் போனதும் இந்த வாயாலதான். என் மகளுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும் மதினி, என்ன செய்ய?

என்ன சிரிக்கிறீக? உங்களுக்கும் அப்படித்தானா? ஒப்பாரி வச்ச உங்க வாயும் இதுக்குச் சளைச்சது இல்லையா? ஆமா மதினி. ஆமா.

ஆங்? அவுகளை இன்னும் ரெண்டு நாள் அங்கயே இருக்கச் சொல்றீகளா? உங்க தெருவே அருவாமனையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்குதா? அதெல்லாம் முடியாது மதினி. வேணாம், சொல்றதைக் கேளுங்க. மக பேசல, மூணு வாரமாச்சு. நான் வத்தலக்குண்டுல இறங்கல, நேரா அங்கதான் வாரேன், வந்து கையோட கூட்டிக்கிட்டுப் போறேன். அவுக இல்லாம அந்த வீட்டுல நான் யாருகிட்ட மதினி பேசுவேன்?